மூணு நூலா, பத்து எம்எம்மா?

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒருவர் வந்து, "மூணு நூல் போல்ட்டு, ரெண்டு இஞ்ச் நீளம், ஒரு டஜன்" என்பார். கடைப்பையன் எடுத்துத் தருவது 10 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள போல்ட். அடுத்து வருபவர், "பத்து எம்எம் போல்ட்டு, ரெண்டு இஞ்ச்" என்று தடிமனை ஒரு கணக்கிலும் நீளத்தை இன்னொரு கணக்கிலும் கேட்பார். அவருக்கும் அதே பெட்டியிலிருந்து அதே போல்ட். யாருக்கும் குழப்பமில்லை. மூன்றாவதாக ஒருவர், பழைய மில் மெஷினிலிருந்து கழன்று விழுந்த போல்ட் ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டி, "இதுக்கு நட்டு இருக்குங்களா?" என்பார். கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு யோசிக்க ஆரம்பிப்பார்.

முதல் இருவருக்கும் வேண்டியது ஒரு துளைக்குள் போகிற போல்ட். மூன்றாமவருக்கு வேண்டியது மரைக்கு மரை. இஞ்சையும் மில்லிமீட்டரையும் பொருத்திப் பார்க்கும் பிரச்சினை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பட்டறைகளில் வாய்மொழியாகப் புழங்கும் சமன்பாடுகள், அதாவது மூணு நூல் என்றால் பத்து, நாலு நூல் என்றால் பன்னிரண்டு, ஆறு நூல் என்றால் இருபது, எல்லாமே துளைக்கான தோராயங்கள். அவற்றை மரைக்குக் கொண்டுபோனால் கை சுடும்.

முதலில் இந்த நூல். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ. கொத்தனாரும் தச்சரும் ஃபிட்டரும் கம்பி கட்டுபவரும் இதைத்தான் சொல்கிறார்கள். சட்டம் மாறி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் நாவு மாறவில்லை. 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. படியும் பலமும் வழக்கொழிந்தன, சேரும் மணங்கும் பாட்டிமார் பேச்சோடு போயின. இஞ்ச் மட்டும் போகவில்லை. பழக்கதோஷம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. இஞ்ச் பிளவுபடும் விதமும் பழைய தமிழ்க் கணக்கு பிளவுபடும் விதமும் ஒன்று. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று நம் கீழ்வாய் இலக்கம் பாதி பாதியாக இறங்குகிறது. எண்ணில் எழுதினால் 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64. இஞ்ச் கணக்கு டிரில் பிட் பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசை கட்டி நிற்பது இதே பின்னங்கள்தான். பிட்டுக்கும் பிட்டுக்கும் உள்ள வித்தியாசம் கால்வீசம். கயிற்றை மடித்து மடித்து அளந்த சமூகத்துக்குப் பத்தின் பகுப்பைவிட இரண்டின் பகுப்பு கைக்கு வசப்பட்டது. நூல் என்பது அரைக்கால் இஞ்சுக்கு ஒரு செல்லப்பெயர் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பெயர் இன்று எந்த அளவைச் சுட்டுகிறது? வீடு கட்டும் கம்பியைப் பாருங்கள். நாலு நூல் கம்பி என்று கேட்டால் 12 மி.மீ. கம்பி வரும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால் உண்மையான அரை இஞ்சைவிட ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. மூணு நூல் என்று கேட்டால் 10 மி.மீ. வரும். 3/8 இஞ்ச் என்பது 9.525 மி.மீ. இங்கே 10 சதவீதம் கூடுதல். ஆக, ஒரே வாய்ச்சொல் ஓரிடத்தில் கையைக் கடிக்கிறது, இன்னோரிடத்தில் கொசுறு தருகிறது. பொறியாளர் வரைபடத்தில் மில்லிமீட்டரிலேயே எழுதி, கடையும் மில்லிமீட்டரிலேயே விற்பதால் யாருக்கும் நட்டமில்லை. நூல் அளவாக இருந்த காலம் போய்ப் பெயராக மட்டும் நிற்கிறது. இந்த இடம்மாற்றத்தைக் கவனிக்காதவர்தான் பின்னால் போல்ட் விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்.

இனி துளை. டிரில் பிட்டின் பெயர் 10 என்றால் துளையும் 10 என்று நினைப்பது முதல் தவறு. கைடிரில்லில் போட்ட துளை பிட்டைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும். முனையின் இரு வெட்டுவாய்களும் ஒரே நீளத்தில் இல்லையென்றால் இன்னும் பெரிதாகும். சாணை பிடித்த கை பழகிய கையா இல்லையா என்பதைத் துளையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதோடு, 10 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போடுவதும் இல்லை. நடுத்தரப் பொருத்தத்துக்கு உலகத் தர அட்டவணை சொல்வது 11 மி.மீ. நெருக்கமாக வேண்டுமென்றால் 10.5, தாராளமாக வேண்டுமென்றால் 12. எம்12, அதாவது 12 மி.மீ. போல்ட்டுக்கு 13.5, எம்16-க்கு 17.5, எம்20-க்கு 22. ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்? இரண்டு தகடுகளை இணைக்கும் போல்ட் துளையின் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்று பாரம் தாங்குவதில்லை. அது இழுபட்டு, தகடுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. நழுவாமல் பிடிப்பது தகடுகளுக்கு இடையிலான உராய்வு. இடம் குறித்துப் போல்ட்டே பாரம் தாங்க வேண்டிய இடத்தில் டவல் பின் அடிப்பார்கள், துளையை ரீமர் விட்டுச் சரியளவாக்குவார்கள். மற்ற இடங்களில் துளை என்பது வெறும் வழி.

வழி என்பதால் அது இரு கணக்கையும் ஏற்றுக்கொள்கிறது. 11 மி.மீ. துளையில் எம்10-உம் போகும், 3/8-உம் போகும். 13.5-இல் எம்12-உம் அரை இஞ்சும் போகும். 17.5-இல் எம்16-உம் 5/8-உம். 22-இல் எம்20-உம் முக்கால் இஞ்சும். நெருக்கமான துளை போட்டவர்தான் அகப்படுவார். எம்12-க்கென்று 13 மி.மீ. போட்ட இடத்தில் அரை இஞ்ச் போல்ட் விட்டால் மிஞ்சும் இடம் 0.3 மி.மீ. ஒரு போல்ட் என்றால் போய்விடும். நாலு போல்ட் உள்ள மோட்டார் காலில் மூன்றைப் போட்டபிறகு நாலாவதைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும்.

ஒற்றைத் துளையைவிடத் துளைக் கூட்டம் இன்னும் சுவையானது. நாலு இஞ்ச் குழாய் ஃபிளாஞ்சை எடுத்துக்கொள்வோம். பழைய பிரிட்டிஷ் முறையின் 'டேபிள் இ' ஃபிளாஞ்சில் எட்டுத் துளைகள். அவற்றின் மையங்கள் அமர்ந்த வட்டம், பட்டறை மொழியில் பி.சி.டி., ஏழு இஞ்ச், அதாவது 177.8 மி.மீ. ஐரோப்பிய பி.என்.16 ஃபிளாஞ்சிலும் எட்டுத் துளைகள்தான், பி.சி.டி. 180. வித்தியாசம் 2.2 மி.மீ. என்றாலும் ஒவ்வொரு துளைக்கும் பங்கு பாதிதான், 1.1 மி.மீ. துளை 18 மி.மீ. சுமாராக இருப்பதால் 5/8 போல்ட் இடுக்கிக்கொண்டு போய்விடும். அமெரிக்க 150 வகுப்பு ஃபிளாஞ்சிலும் எட்டுத் துளைகள், அதே 5/8 போல்ட். ஆனால் பி.சி.டி. ஏழரை இஞ்ச், 190.5 மி.மீ. பி.என்.16-ஓடு சேர்த்துப் பிடித்தால் ஒவ்வொரு துளையும் 5 மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும். எந்தப் போல்ட்டும் போகாது. துளையை ரம்ப அரத்தால் நீட்டிப் பொருத்திய ஃபிளாஞ்சுகளைப் பல பம்ப் ரூம்களில் பார்த்திருக்கிறேன். கேஸ்கட் எப்போது பிதுங்கும் என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்கும். ஆக, துளையின் தாராளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. போனால் போகும், போகாவிட்டால் போகாது. அதில் ஒளிவுமறைவு இல்லை.

மரை அப்படியல்ல. மரையின் வரலாற்றைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் இது விளங்காது. 1841-க்கு முன் இங்கிலாந்தில் பட்டறைக்கு ஒரு மரை. ஒரு பட்டறையின் நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி எடுத்து ஒரு பொது முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை, முகடும் பள்ளமும் வளைவாக இருக்கும். கால் இஞ்ச் போல்ட் என்றால் இஞ்சுக்கு 20 மரை, 3/8-க்கு 16, அரைக்கு 12. நம் ஊர் மில்களுக்கும் ரயில்வே பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது இந்த மரைதான். கப்பலில் வந்த தறிகளோடும் என்ஜின்களோடும் டேப், டை, ஸ்பேனர் எல்லாம் வந்தன. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகை கொண்ட, முகடு தட்டையான மரையைச் சொன்னார். சமபக்க முக்கோணம் என்பதால் உளியைத் தீட்டுவது சுலபம், சாதாரணப் பட்டறையிலும் செய்யலாம் என்பது அவர் வாதம். ஐரோப்பியர்கள் 1898-இல் சூரிச்சில் கூடி, 60 பாகையை வைத்துக்கொண்டு அளவை மட்டும் மில்லிமீட்டராக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே பக்கம் நின்று போரிட்டாலும் அவர்களுடைய நட்டும் போல்ட்டும் ஒத்துழைக்க மறுத்தன. மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி தயாரித்தபோது பிரிட்டிஷ் மரைக்கான டேப்புகளையும் டைகளையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கையெழுத்திட்டு 60 பாகை கொண்ட பொது இஞ்ச் மரைக்கு ஒப்புக்கொண்டன. யு.என்.சி., யு.என்.எஃப். என்று நாம் கேள்விப்படுபவை அதன் பிள்ளைகள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இஞ்சின் தாயகமான பிரிட்டனிலேயே சிறு கருவிகளுக்கான பி.ஏ. மரை மில்லிமீட்டரில் பிறந்தது. பூஜ்ய எண் பி.ஏ. திருகின் விட்டம் 6 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. இன்றைய எம்6-க்கும் அதே விட்டம், அதே இடைவெளி. கோணம் மட்டும் அங்கே 47½ பாகை, இங்கே 60.

இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் உள்ள விகிதமே நெடுநாள் உறுதியாக இல்லை. பிரிட்டிஷ் இஞ்ச் 25.4-க்கு ஒரு மயிரிழை கீழே, அமெரிக்க இஞ்ச் ஒரு மயிரிழை மேலே. ஸ்வீடன் நாட்டு யோஹான்சன் தன் ஸ்லிப் கேஜ் கட்டைகளுக்கு நடுவாந்தரமாக 25.4-ஐ எடுத்துக்கொண்டார். உலகத்துப் பட்டறைகளெல்லாம் அவர் கட்டைகளை வைத்து அளந்ததால் அந்த எண்ணே நிலைத்தது. 1959 ஜூலை முதல் தேதி ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் அதை அதிகாரபூர்வமாக ஏற்றன. 25.4 என்பதைப் பின்னமாக எழுதினால் 127/5. இந்த 127 என்ற எண்ணை லேத் பட்டறைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு நாலு மரை என்று இருக்கும் பழைய லேத்தில் 1.5 மி.மீ. மரை வெட்ட வேண்டுமென்றால் கியர் விகிதம் 30-க்கு 127. அது பகா எண். எனவே சின்ன கியர்களைக் கோத்து அந்த விகிதத்தைத் துல்லியமாகக் கொண்டுவர வழியே இல்லை, 127 பல் உள்ள கியர் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெரிய கியரை மாட்டி மில்லிமீட்டர் மரை வெட்டும்போது இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு வெட்டு முடிந்ததும் அரை நட்டைக் கழற்றி வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ள முடியாது, மரை தப்பிவிடும். நட்டைப் பிடித்தபடியே மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் பின்வாங்க வேண்டும். இரண்டு அளவுமுறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதைக் கையால் உணர்வதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

துளைக்கும் மரைக்கும் நடுவில் நிற்பது டேப் அடிக்கும் துளை. இங்கே துளை வெறும் வழி அல்ல, மரை முளைக்கப்போகும் நிலம். பெரிதாகப் போட்டால் மரை நுனி மட்டும் பிடிக்கும், சிறிதாகப் போட்டால் டேப் உடையும். அதற்கான கணக்கு ஆச்சரியப்படும்படி எளிது. விட்டத்திலிருந்து ஒரு மரை இடைவெளியைக் கழித்தால் போதும். எம்10-க்கு இடைவெளி 1.5, எனவே 8.5 பிட். எம்8-க்கு 1.25 போக 6.8. எம்6-க்கு 5. இஞ்சிலும் இதே விதி. 3/8-க்கு இஞ்சுக்கு 16 மரை, எனவே 3/8-இலிருந்து 1/16 கழித்தால் 5/16. கால் இஞ்சுக்கு 20 மரை, கால் கழித்தல் இருபதில் ஒன்று என்றால் ஐந்தில் ஒரு இஞ்ச், 5.1 மி.மீ. பிட். இரண்டு முறைக்கும் பொதுவாக எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான பாலம் இந்தக் கழித்தல் கணக்குதான். அட்டவணை கிழிந்துபோன பட்டறையிலும் இது கைகொடுக்கும்.

ஒரு தடவை அடித்துப் பார்ப்போம். பன்னிரண்டு மி.மீ. தகட்டில் எம்10. குறித்த இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் குழி நகரும். 4 மி.மீ. பிட்டால் முதல் துளை, அதன் வழியே 8.5. பிட் அடியில் வெளியேறும் நொடியில் கையை இலேசாக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு பிட்டைக் கவ்விச் சுழலும். துளையின் வாயைக் கவுன்டர்சிங்கால் ஒரு சுற்றுக் கிள்ளிவிட்டு, முதல் டேப்பை நேராக நிறுத்தி, இரண்டு சொட்டு எண்ணெய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே திருப்பும்போது "டக்" என்று ஒரு சன்ன ஒலி வரும், சுருள் உடைந்து விழும் ஒலி. அது வராமல் கை கனத்துக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். அவசரத்தில் 8.5-க்குப் பதில் 5/16 பிட்டை, "எட்டுதானே, கிட்டத்தட்ட சரி" என்று போட்டவர்கள் அந்த இடத்தில்தான் டேப்பை முறித்திருக்கிறார்கள். முறிந்த டேப்பை எடுப்பது பல் பிடுங்குவதைவிடக் கஷ்டம்.

இனி, கை சுடும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இடம். இஞ்ச் போல்ட்டும் மில்லிமீட்டர் நட்டும் சேரும்போது பெரும்பாலான ஜோடிகள் உண்மை பேசும். 5/8-உம் எம்16-உம் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்று, 15.875-உம் 16-உம். ஆனால் மரை இடைவெளி 2.31-க்கு 2. ஒன்றிரண்டு சுற்றிலேயே இறுகி நின்று, "நான் உன் ஜோடியல்ல" என்று சொல்லிவிடும். பொய் சொல்லும் ஜோடிகள் சில உண்டு. 3/8 போல்ட்டின் இடைவெளி 1.5875, எம்10 நட்டின் இடைவெளி 1.5. போல்ட் சன்னம், நட்டு அகலம், எனவே விரலாலேயே வழுவழுவென்று ஏறும். முக்கால் இஞ்சும் எம்20-உம் இன்னும் மோசம். இடைவெளி 2.54-க்கு 2.5. நட்டின் முழு உயரத்துக்கும் ஏறிவிடும். சின்ன அளவில், அமெரிக்க 10-32 திருகும் எம்5-உம். 0.794-க்கு 0.8. எல்லாவற்றிலும் தவறு ஒரே திசையில்தான் நடக்கும். இஞ்ச் போல்ட் மில்லிமீட்டர் நட்டுக்குள் போகும், மில்லிமீட்டர் போல்ட் இஞ்ச் நட்டுக்குள் நுழையாது.

நான் பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது மோட்டார் ஒன்றை அடிச்சட்டத்தில் ஏற்றும் வேலை வந்தது. சட்டத்தின் அடியில் நாலு நட்டுகளை வெல்டு வைத்திருந்தார்கள். எண்ணெய் டப்பாவில் கிடந்த போல்ட்டுகளை எடுத்துப் போட்டேன். மோட்டார் காலின் துளை 12 மி.மீ., தாராளமாகப் போயின. நட்டிலும் கையாலேயே இறங்கின. ஸ்பேனர்கூட வேண்டாம் போலிருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. இறுக்கியபோது முதல் இரண்டும் நின்றன. மூன்றாவது இறுகிவந்து, திடீரென்று பஞ்சு மாதிரி ஆனது. இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. லேத்தில் நின்றிருந்த பெரியவர் சத்தத்தைக் கேட்டே திரும்பினார்.

"ஏந்தம்பி, நட்டு கையிலயே சுத்துதுன்னு சந்தோசப்பட்டயா?"

"ஆமாங்கண்ணா."

"எதுக்குச் சுத்துதுன்னு பாத்தயா?"

போல்ட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். முகடுகள் இரண்டு பளபளவென்று நசுங்கியிருந்தன, மற்றவை கறுப்பாகத் தொடப்படாமல் இருந்தன. அன்று புரியாத கணக்கை இன்று போட்டுப் பார்க்கலாம். எம்10 போல்ட் எம்10 நட்டைப் பக்கத்துக்கு 0.8 மி.மீ. ஆழம் கவ்வும். நான் போட்ட 3/8 கவ்வுவது 0.57. அதுவாவது எல்லா மரையிலும் கவ்வினால் பரவாயில்லை. ஒரு மரைக்கு 0.0875 மி.மீ. வீதம் விலகி விலகிப் போவதால் ஐந்து மரை தாண்டுவதற்குள் கிட்டத்தட்ட அரை மி.மீ. தள்ளிவிடும். பாரம் முழுவதும் ஓரிரண்டு முகடுகளின் மேல் விழுகிறது. நின்ற இரண்டு போல்ட்டுகளும் பிடித்திருந்தது அப்படித்தான். மோட்டார் ஒரு வாரம் அதிர்ந்தால் அவையும் போயிருக்கும். நட்டு கழன்று விழுந்தால் தெரியும், இது இறுகியதுபோலவே நடிக்கும். இதைத்தான் நான் அபாயம் என்கிறேன்.

இந்த நடிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1990 ஜூன் 10-ஐச் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் விமானி அறைக் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பெயர்ந்து போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். லங்காஸ்டர் உயிர் பிழைத்தார். கண்ணாடி மாற்றப்பட்டு ஒரு நாளுக்குச் சற்றே மேல்தான் ஆகியிருந்தது. பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 சன்னமானவை, 10-32-க்குப் பதில் 8-32. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. சன்னமானவற்றில் விட்ட வித்தியாசம் 0.026 இஞ்ச், 0.66 மி.மீ. இரண்டுக்கும் இஞ்சுக்கு 32 மரைதான், அதனால் மரைகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. மாற்றியவர் கழற்றிய போல்ட்டையும் அலமாரியில் இருந்ததையும் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். இங்கே இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் சண்டையில்லை, இரண்டும் இஞ்ச்தான். ஆனால் காரணம் நம் மூணு நூல் விவகாரத்தின் அதே காரணம். இடைவெளி ஒத்துப்போய் விட்டம் மட்டும் குறைந்தால் கைக்கு எல்லாம் சரியாகவே படும்.

ஸ்பேனர் கதை தனி. 19 மி.மீ.-உம் முக்கால் இஞ்சும் 19-க்கு 19.05, தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். 13-உம் அரை இஞ்சும் அப்படியில்லை, 0.3 மி.மீ. ஆட்டத்தில் போல்ட் தலையின் மூலைகள் உருண்டுவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் 3/8 என்று பொறித்திருந்தால் அது போல்ட்டின் தடிமன், ஸ்பேனர் வாயின் அகலம் 18 மி.மீ. சுமார். புதிதாக வருபவர் 3/8 என்று பார்த்து ஒன்பதரை மி.மீ. வாயைத் தேடுவார். இன்னொன்று: சாக்கெட் பெட்டியில் எல்லாமே மில்லிமீட்டரில் இருக்கும், 10, 12, 13, 17 என்று. அவற்றை மாட்டும் கைப்பிடியின் சதுரம் மட்டும் உலகம் முழுவதும் கால், 3/8, அரை இஞ்ச். கார் டயரின் அகலம் மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் இஞ்ச் என்பதைப் போல.

குழாயைப் பற்றி ஒரு வரி போதும். அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் வெர்னியர் வைத்துப் பாருங்கள், அரை இஞ்ச் எங்குமே இருக்காது. மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. ஜெர்மானியரும் ஜப்பானியரும்கூடக் குழாய் மரையில் விட்வொர்த்தின் 55 பாகையைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள். மரத்திருகு பெட்டியில் 35 × 8 என்று போட்டிருக்கும். 35 என்பது மில்லிமீட்டர் நீளம், 8 என்பது இஞ்சிலிருந்து பிறந்த நம்பர், தடிமன் 0.164 இஞ்ச். தச்சர் அதை ஒன்றரை இஞ்ச் எட்டாம் நம்பர் என்று கேட்டு வாங்குவார். ஒன்றரை இஞ்ச் என்பது 38 மி.மீ. மரத்துக்குள் போகிற திருகுக்கு மூன்று மி.மீ. ஒரு பொருட்டில்லை, அது தன் மரையைத் தானே வெட்டிக்கொள்கிறது.

அப்படியானால் அந்த மூன்றாமவரின் போல்ட்டை எப்படி அடையாளம் காண்பது? தலையைப் பார்க்கலாம். 8.8 அல்லது 10.9 என்று புடைப்பெழுத்து இருந்தால் மில்லிமீட்டர். மையத்திலிருந்து கதிர்போல மூன்று கோடோ ஆறு கோடோ இருந்தால் அமெரிக்க இஞ்ச். ஒன்றுமே இல்லையென்றால், பழைய மில் சாமான் என்றால், விட்வொர்த்தாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்து வெர்னியர்: 9.4, 9.5 என்று காட்டினால் 3/8, 9.8 என்று காட்டினால் எம்10. புதிய போல்ட்டும் பெயரளவைவிட ஒரு துளி குறைவாகவே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பிட்ச் கேஜ் இல்லாவிட்டால் ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பத்து இடைவெளியை எண்ணலாம். எம்10 என்றால் சரியாக 15 மி.மீ., 3/8 என்றால் 16-ஐத் தொட்டுவிடும். ஒற்றை மரையில் கண்ணுக்குத் தெரியாதது பத்தில் தெரிந்துவிடும். விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் பல அளவுகளில் எண்ணிக்கை ஒன்றே என்பதால், 55-ஆ 60-ஆ என்பதற்கு மட்டும் கேஜ் இல்லாமல் தீராது. அரை இஞ்சில் அந்தச் சிக்கலும் இல்லை, அங்கே 12-க்கு 13.

அந்தப் பெரியவர் இதில் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. லேத்தின் டூல் தட்டில் ஒரு மரத்துண்டு வைத்திருந்தார். அதில் இரண்டு போல்ட்டுகளைத் தலைகீழாக நட்டிருந்தார், ஒன்று 3/8, ஒன்று எம்10. 3/8-இன் நுனியில் சிவப்புப் பெயின்ட். எந்த நட்டு வந்தாலும் முதலில் சிவப்பில் போட்டு ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் கழற்றி மற்றதில் போடுவார். அங்கே ஆடாமல் கடைசிவரை இறங்கினால்தான் பையனிடம் கொடுப்பார்.